அஷ்டமி இரவில் அளந்த நீர்: பினாங்குக் கழிமுகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை நகருக்குத் தெற்கே, ஒரு சிற்றாறு கடலில் கலக்கும் இடம் இது. அங்கே மீன்கூண்டு வைத்திருக்கும் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆற்றுவாயில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க ஒரு மண்கரையும் மதகும் உண்டு. மதகுக்கு வெளியே இரு பக்கமும் அலையாத்தி மரங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் பக்காவ், ஒரு மெல்லிய வரிசையாக நிற்கின்றன. அதற்கும் வெளியே சேற்றுவெளி. நீர் வற்றும்போது அரை மைலுக்கு மேல் திறந்து கிடக்கும். சேற்றுவெளியை ஊடறுத்து ஓடும் ஆழமான வாய்க்காலின் ஓரத்தில்தான் கூண்டுகள். ஏழு குடும்பங்களில் மூன்று தமிழ்க் குடும்பம், மற்றவை மலாய், சீனக் குடும்பங்கள். வளர்ப்பது பெரும்பாலும் சியாக்காப், அதாவது நம்ம கொடுவா. கொஞ்சம் கெராப்பு, அதாவது களவா.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் இந்தப் பக்கத்துக்குத் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை, கடைசியில் பல தோட்டங்கள் வீடமைப்புக்குக் கைமாறின. வீடும் வேலையும் ஒரே நாளில் போனவர்களில் சிலர் கடல் பக்கம் திரும்பினார்கள். இந்த ஆய்வில் நான் 'அண்ணன்' என்று குறிப்பிடுபவர் அப்படி வந்தவர். முப்பது வருடத்துக்கு மேலாக அதே வாய்க்காலில் இருக்கிறார்.

நான் வார நாட்களில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை மீன் செத்து மிதக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, வந்து பாருங்கள் என்று அங்கிருந்து அழைப்பு வந்தது. தொழிற்சாலைக் கழிவு என்றார் ஒருவர், நோய் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் வேண்டியது ஒரே பதில்: இந்தத் தண்ணி நல்லா இருக்கா, இல்லையா? தன்னார்வலர்கள் ஐந்து பேருடன் ஜூலை மாதம் தொடங்கினோம்.

முதல் சுற்று

மூன்று மாதத்தில் ஆறு முறை போனோம். எல்லாருக்கும் வேலை இருப்பதால் சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும். வற்று நேரத்தில் படகு சேற்றில் தட்டிவிடும், ஆகவே நண்பகலை ஒட்டி நீர் ஏறி நிற்கும் நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். காலை பத்து மணிக்கு ஏறினால் இரண்டு மணிக்குக் கரை திரும்பிவிடலாம்.

அளந்தவை: வெப்பம், உப்புச்செறிவு, கரைந்த ஆக்சிஜன், அமோனியா, கறுப்பு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கிப் பார்க்கும் தெளிவு. சேற்றை அள்ளி அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி உள்ளே இருக்கும் உயிரிகளை எண்ணினோம். கரையோரப் பறவைகளையும் பக்காவ் நாற்றுகளையும் எண்ணினோம்.

கிடைத்தவை மனதுக்கு இதமாக இருந்தன. கூண்டருகே ஆக்சிஜன் லிட்டருக்கு 5.8 மில்லிகிராமுக்குக் குறையவில்லை. பக்காவ் ஓரத்தில் புது நாற்றுகள் முளைத்திருந்தன. சேற்றில் உளுவை துள்ளியது. கூண்டுக்கு அடியிலிருந்து எடுத்த சேற்றில், வெளிச் சேற்றுவெளியைவிட அதிக உயிரிகள் இருந்தன. அக்டோபரில் நான்கு பக்க அறிக்கை எழுதி, கூண்டு மேடையிலேயே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். 'கழிமுகம் பொதுவாக நலமாக உள்ளது' என்பது என் வாக்கியம்.

அந்த வாக்கியத்தை நம்பி ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அண்ணனின் தங்கை மகன், தனியாக நான்கு கூண்டு வைத்திருப்பவர், விற்கத் தயாராக இருந்த மீனை அப்போது விற்கவில்லை. சீனப் புத்தாண்டுக்கு விலை ஏறும், தண்ணிதான் நல்லா இருக்கே, அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வளர்ந்த மீன் கூண்டில் இருக்கும்போதே பக்கத்தில் புதுக் குஞ்சும் விட்டார்.

நவம்பர் இழப்பு

நவம்பர் கடைசியில், இரண்டு நாள் விடாத மழைக்கும் மூட்டத்துக்கும் பிறகு, ஒரு வியாழன் காலை அவரிடமிருந்து போன் வந்தது. நான்கு கூண்டில் மூன்று போய்விட்டன. நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆக்சிஜன் மீட்டரை இறக்கினேன். 5-க்கும் மேல் காட்டியது. பக்கத்தில் செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், என் கையில் இருக்கும் கருவி தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறது.

அந்தத் தம்பி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அண்ணன்தான் சொன்னார்: "தங்கச்சி, நீங்க வர்ற நேரத்துக்கு மீன் சாகாது. அஷ்டமி ராத்திரி வந்து இருந்து பாருங்க."

நாள்காட்டி

ஏன் அஷ்டமி என்று கேட்டேன். கூண்டு மேடையில் அவருடைய சிறு குடிலின் சுவரில் கோயிலில் கொடுக்கும் தமிழ் நாள்காட்டி ஒன்று தொங்கியது. மீன் சாகும் நாளில் அந்தத் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவது அவர் பழக்கம். கொஞ்சம் செத்தால் ஒரு வட்டம், நிறையச் செத்தால் வட்டத்துக்குள் வட்டம். பழைய வருட நாள்காட்டியும் பெட்டியடியில் இருந்தது, ஓரம் உப்பில் நனைந்து சுருண்டு. இரண்டையும் பலகையில் விரித்து, வட்டம் விழுந்த தேதிகளின் திதியை ஒவ்வொன்றாக வாசித்தோம். அஷ்டமி, நவமி, தசமி. மீண்டும் நவமி. வளர்பிறையோ தேய்பிறையோ, வட்டங்கள் அநேகமாக எல்லாம் அந்த மூன்று நான்கு நாளுக்குள்தான் விழுந்திருந்தன. அமாவாசையிலோ பௌர்ணமியிலோ ஒன்றுகூட இல்லை.

காரணம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்ற வற்று பெரிது. எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு நீர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் செங்கோணத்தில் இழுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து, ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே இடுப்பளவு வித்தியாசம்கூட இருக்காது. மலாய் மீனவர்கள் அதை 'ஆயர் மாத்தி', செத்த தண்ணீர், என்பார்கள். வாய்க்காலில் இருக்கும் நீர் அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருக்கும், புது நீர் உள்ளே வருவது மிகக் குறைவு.

வீட்டுக்குப் போய் எங்கள் ஆறு பயணங்களின் தேதியைத் திதியோடு ஒப்பிட்டேன். ஆறும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டியவை. நாங்கள் அப்படித் திட்டமிடவில்லை. ஆனால் பினாங்கில் நண்பகலை ஒட்டி உயர்ந்த ஏற்றம் வேண்டும் என்று தேடினால் கிடைப்பது அந்த நாட்கள்தான். ஆக, மாதத்திலேயே நீர் நன்றாகப் புதுப்பிக்கப்படும் நாளில், அதிலும் பாசியும் நுண்செடிகளும் வெயிலில் ஆக்சிஜன் வெளியிடும் வேளையில், ஆறு முறையும் அளந்திருக்கிறோம். படகு தட்டாத நேரம் என்று நாங்கள் பார்த்தது, மீனுக்கும் மிக நல்ல நேரமாக அமைந்துவிட்டது.

இன்னொரு தவறும் அன்று தெரிந்தது, இது முழுக்க என்னுடையது. மீட்டரில் உப்புச்செறிவை உள்ளிட வேண்டும். முதல் சுற்று முழுவதும் அது பூஜ்யத்திலேயே இருந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை தாங்கும், உப்புச்செறிவு 30 (ஆயிரத்தில் 30 பங்கு உப்பு) உள்ள கடல்நீர் 6.4 அளவுதான் தாங்கும். கருவி உண்மையில் அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை. அதை மில்லிகிராமாக மாற்றும் கணக்கில் உப்பு இல்லையென்றால் விடை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வரும். நான் 5.8 என்று எழுதியது உண்மையில் 5-ஐ ஒட்டியது. அது ஒன்றும் ஆபத்தான அளவு இல்லை, ஆனாலும் என் அறிக்கையில் இருந்த எண் தவறு.

விடியலுக்கு முன்

டிசம்பர் முதல் வாரம் அதே மேடையில் கூடி, அக்டோபர் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். புது முறை இது: மாதம் இரண்டு முறை, ஒன்று பெருநீர் நாளில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி), ஒன்று அஷ்டமி கழிந்த நாளில். ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை, மேல்நீரிலும் அடிநீரிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆள் போதாது என்பதால் கூண்டுக்காரர்களின் பிள்ளைகள் இருவருக்கு மீட்டரைப் பழக்கினோம்.

முதல் அஷ்டமி இரவு மாலை நான்கு மணிக்கு மேல்நீரில் 5.2. இருட்டியதும் இறங்கத் தொடங்கியது. பதினொன்றுக்கு 3.4, மூன்று மணிக்கு 2.3. வெயில் இல்லாதபோது செடியும் பாசியும் ஆக்சிஜன் தருவதில்லை, மீனும் புழுவும் சேற்றின் கிருமிகளும் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. பினாங்கில் சூரியன் எழ ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும், ஆகவே இரவு நீளம். ஐந்தரைக்குக் கூண்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நிறையப் பேர் சேர்ந்து மெதுவாக உதட்டைச் சப்புவது மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தால், மேலே வாய் மட்டும் தெரிய மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒளி பட்டும் விலகவில்லை. அப்போது மேல்நீரில் 1.6. அடிநீரில் 1-க்கும் கீழே.

பொதுவாக 2-க்குக் கீழே போனாலே பெரும்பாலான கடல் உயிர்களுக்கு மூச்சுத் திணறும் நிலை. அண்ணன் ஒரு வாளியை எடுத்து நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து கூண்டுக்குள் ஊற்ற ஆரம்பித்தார். நாங்களும் செய்தோம். அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க யாராலும் முடியவில்லை. எட்டரைக்கு எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அன்று பத்துப் பன்னிரண்டு மீன்தான் செத்தது.

ஏழெட்டு நாள் கழித்துப் பெருநீர் இரவில் அதே நேரத்தில் 3.9. மீன்கள் அமைதியாக இருந்தன.

காரணம் தேடியது

ஆக்சிஜன் குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் இவ்வளவு குறைகிறது? நோயா என்று பார்க்கச் செத்த மீனைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், தொற்று எதுவும் இல்லை என்று வந்தது. நுண்வலையில் பிடித்த நீரை நுண்ணோக்கியில் பார்த்தோம், நச்சுப் பாசி பெருகியதற்கான அடையாளம் இல்லை. அமோனியா அஷ்டமி நாளில் கூடியது, ஆனால் தனியாகக் கொல்லும் அளவுக்கு இல்லை.

அப்புறம் சேற்றைப் பார்த்தோம். கருவி ஒரு கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். சேற்றில் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை அடைத்து, மெல்ல உருவ வேண்டும். வெளிச் சேற்றுவெளியில் எடுத்த குழாயில் மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. பழுப்பு என்றால் அதுவரை ஆக்சிஜன் இறங்குகிறது. நண்டு வளைகளை ஒட்டிப் பழுப்பு நிறம் ஆழமாக நூல் நூலாக இறங்கியிருந்தது, பார்க்கவே அழகு. கூண்டுக்கு அடியில் எடுத்த குழாயில் பழுப்பே இல்லை. மேலிருந்து கீழ்வரை மையாகக் கறுப்பு, திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். தின்னாத தீனி, எச்சம், வலையிலிருந்து சுரண்டிப் போட்ட சிப்பி, எல்லாம் வருடக்கணக்கில் அங்கேயே படிந்திருக்கிறது.

முதல் சுற்றில் கூண்டடியில் அதிக உயிரிகள் என்று மகிழ்ந்தேனே, அந்த மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் அத்தனையும் ஒரே வகை: நூல் போன்ற மெல்லிய சிவப்புப் புழு, கேப்பிடெல்லா இனத்தது. கரிமக் கழிவு மிகுந்து, மற்றவை வாழ முடியாமல் போன சேற்றில் பெருகுவது அது. வெளிச் சேற்றுவெளியில் மொத்த எண்ணிக்கை குறைவு, ஆனால் கெராங் சிப்பிக் குஞ்சு, நத்தை, நாலைந்து வகைப் புழு, சிறு நண்டு என்று வகை வகையாக இருந்தன. நான் தலையை எண்ணினேன், வகையை எண்ணவில்லை.

இரண்டாவது காரணம் மதகுக்கு உள்ளே இருந்தது. புது வீடமைப்புகளின் சாக்கடை எல்லாம் அந்தச் சிற்றாற்றில்தான் சேர்கிறது. வெளியே கடல்மட்டம் நன்றாக இறங்கினால்தான் மதகு வழியே உள்நீர் வடியும். செத்த தண்ணீர் நாட்களில் வெளிமட்டம் போதுமான அளவு இறங்குவதில்லை, நீர் உள்ளேயே தேங்கி அழுகுகிறது. மழை பெய்தால் தேங்கியது மொத்தமாக வெளியே தள்ளப்படுகிறது. உப்பில்லாத அந்த நீர் கடல்நீருக்கு மேலே ஒரு விரிப்பு மாதிரிப் படர்ந்து நிற்பதால் மேல்காற்று அடிநீருக்குப் போய்ச் சேர்வதும் தடைபடுகிறது. நவம்பரில் நடந்தது இதுதான்: மழை, மூட்டம், தேங்கிய நீர், செத்த தண்ணீர், கூண்டு நிறைய பெரிய மீன்.

எடுத்த முடிவுகள்

ஜனவரியில் இதைக் கூண்டுக்காரர்களிடம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. சாக்கடை என்றால் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் கூண்டும் ஒரு காரணம் என்றால்? நான் வார்த்தையால் சொல்லவில்லை, இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் மேடையில் நிறுத்தி வைத்தேன். மூத்த சீனப் பெரியவர் ஒருவர் கறுப்புக் குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு, மலாயில், இது நம்ம சாமான்தான் என்றார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகப் போனது.

கூண்டுக்குள் இருக்கும் மீனின் எடையைக் குறைப்பது முதல் முடிவு. விற்கும் அளவு வந்தால் விலைக்காகக் காத்திருக்காமல் பாதியையாவது விற்றுவிட வேண்டும். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம், ஏனென்றால் இது நேரடியாக வருமானம். செத்த தண்ணீர் நாட்களில் மாலைத் தீனி கிடையாது என்பது அடுத்தது. தின்ற மீனுக்குச் செரிக்கக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். வலையில் ஒட்டும் சிப்பியை அஷ்டமிக்கு முன்னதாகவே சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் கரைக்குக் கொண்டுபோய், வாய்க்காலில் உதறாமல். காற்றூட்டும் பம்ப் இரண்டைப் பொதுவாக வாங்கி, அந்த இரவுகளில் நள்ளிரவு முதல் காலை எட்டு வரை ஓட்டுவது. சேறு மிக மோசமாக இருந்த இடத்திலிருந்த கூண்டுகளை வாய்க்காலின் நடுப்பக்கம், நீரோட்டம் இருக்கும் இடத்துக்கு நகர்த்துவது.

மதகைப் பொறுத்தவரை, பெருநீர் நாட்களின் வற்றிலேயே உள்நீரை முடிந்தவரை முழுவதுமாக வடித்துவிட வேண்டும், செத்த தண்ணீர் நாட்களுக்கு உள்ளே தேக்கம் மிஞ்சக்கூடாது என்று பொறுப்பான துறைக்கு 24 மணி நேர அளவீடுகளோடு கடிதம் எழுதினோம்.

பக்காவ் நடலாமா என்றும் பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். நாற்றுகள் தாமாகவே முளைக்கும் இடத்தில் நடவேண்டியதில்லை. முளைக்காத வெளிச் சேற்றில் நட்டால் நீர் அதிக நேரம் மூடி நின்று அவை சாகும். அந்தச் சேற்றுவெளி வெறும் இடம் இல்லை, அந்தப் பழுப்புக் குழாய் வந்ததே அங்கிருந்துதான். கெராங் குஞ்சும் கரைப்பறவையின் இரையும் அங்கேதான் இருக்கின்றன. சிலருக்கு வருத்தம்தான், நடுவிழா என்றால் பிள்ளைகள் வருவார்களே என்று. சரி, பிள்ளைகளை வேறு வேலைக்கு அழைத்தோம்: நாற்றுகளின் மேல் சிக்கிய பழைய வலையையும் பிளாஸ்டிக்கையும் எடுக்க.

நடந்தது

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை விடியல் அளவீடு தொடர்ந்தது. காற்றூட்டும் கூண்டுகளில் அஷ்டமி விடியலிலும் 3-க்குக் கீழே இறங்கியது இரண்டே முறை. அந்த ஒன்பது மாதத்தில் பெரிய இழப்பு ஒன்று நடந்தது, செப்டம்பரில். பம்ப் ஒன்று நடுஇரவில் நின்றுவிட்டது, காவலுக்கு இருந்தவர் தூங்கிவிட்டார். இப்போது பம்ப் நின்றால் மணி அடிக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நகர்த்திய கூண்டுகள் நன்றாக இருக்கின்றன. காலியான பழைய இடத்துச் சேற்றில் எட்டு மாதம் கழித்துக் குழாய் போட்டபோது, மேலே நகக்கண் அளவு பழுப்பு தெரிந்தது. புழுக்களோடு இரண்டு நத்தையும் இருந்தன.

மதகு விஷயம் நகரவில்லை. வந்து பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. உள்நீரின் தேக்கம் அப்படியேதான் இருக்கிறது, பெருமழை வந்தால் பம்ப் மட்டும் போதுமா என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

முதல் நாளே அங்கு வாழ்பவர்களிடம் 'எப்போது கெட்டுப்போகிறது' என்று கேட்பேன். எங்கே என்று கேட்டேன், எது என்று கேட்டேன், எப்போது என்று மட்டும் கேட்கவில்லை. அந்த நாள்காட்டி முதல் நாளிலிருந்தே என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அஷ்டமியில் அளக்க வேண்டும் என்றும் இல்லை. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நடுமேடு என்று சொல்லப்படும் மிடில் பேங்கில் கடற்புல் கணக்கெடுக்க வேண்டுமானால் பெருநீர் நாளின் அடிவற்றில்தான் போக வேண்டும், அப்போதுதான் கரண்டி இலை மாதிரி இருக்கும் அந்தச் சிறு புல் வெளியே தெரியும். ஒவ்வோர் உயிருக்கும் சங்கடமான வேளை எது என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அளவிடும் நாளை அதன்படி முடிவு செய்ய வேண்டும். எங்கள் விடுமுறை நாளின்படி அல்ல.

அடிநீரை அளக்காமல் எந்த அறிக்கையும் எழுதமாட்டேன். மீட்டரின் உப்புச்செறிவை ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். 'பொதுவாக நலம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'இந்த நாளில், இந்த நேரத்தில் அளந்தது இவ்வளவு, மற்ற நேரம் அளக்கவில்லை' என்று எழுதுவேன். அக்டோபரில் அந்தக் கடைசி மூன்று சொல் இருந்திருந்தால், அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

இந்த வருடம் சீனப் புத்தாண்டுக்கு அவர் இரண்டு கூண்டு மட்டும் வைத்திருக்கிறார், மற்ற இரண்டையும் நவம்பருக்கு முன்பே விற்றுவிட்டார். அண்ணனின் புது நாள்காட்டியில் வட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலில் ஒரு சிறு எண்ணும் இருக்கிறது, விடிகாலை ஆறரை மணி அளவு. அடுத்த அஷ்டமி செவ்வாய்க்கிழமை வருகிறது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.